நூலக நிலத்தில் வணிக வளாகமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் பல ஊர்களில் கிளை நூலகம் பேருந்து நிலையத்துக்கோ கடைத்தெருவுக்கோ பக்கத்தில் இருக்கிறது. கட்டிய காலத்தில் அது ஊரின் ஓரம். இன்று சென்ட் கணக்கில் விலை பேசும் இடம். ‘பழைய கட்டடத்தை இடித்துவிட்டுத் தனியாரை வைத்து வளாகம் கட்டலாம், நூலகத்துக்கும் ஒரு மாடி தரலாம்’ என்ற பேச்சு அதனால்தான் கிளம்புகிறது. அந்தப் பேச்சு காதில் விழுந்த வாசகர்களுக்காகவும் வாசகர் வட்டத்தாருக்காகவும் எழுதப்பட்ட பக்கம் இது.

நூலகம் இருக்கும் நிலம் உண்மையில் யாருடையது?

இதற்கு விடை தெரியாமல் ஒரு அடிகூட எடுத்துவைக்க முடியாது. ‘அரசு நிலம்தானே’ என்று பொதுவாகச் சொல்வது போதாது. நான்கு விதமாக இருக்கலாம்.

முதலாவது, மாவட்ட நூலக ஆணைக்குழுவின் சொந்த நிலம். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி ஆணைக்குழு ஒரு சட்டபூர்வ அமைப்பு. தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குத் தொடுக்கலாம், அதன் மீதும் வழக்குத் தொடுக்கலாம். இரண்டாவது, நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சி நிலம். நூலகம் அங்கே வாடகைக்கோ இலவசமாகவோ இயங்கும். மூன்றாவது, வருவாய்த் துறை நூலகத்துக்கென ஒதுக்கிய புறம்போக்கு. நான்காவது, ஊர்ப் பெரியவர் யாராவது தானமாக எழுதிக் கொடுத்தது.

இந்த நான்கில் எது என்பதைப் பொறுத்து எதிர்க்கும் வழி மாறும். நகராட்சி நிலத்துக்கு நூலக ஆணைக்குழுவிடம் மனு கொடுத்துவிட்டு மூன்று மாதம் காத்திருந்தால் அந்த மூன்று மாதமும் போனதுதான்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

புல எண்ணிலிருந்து (சர்வே எண்) தொடங்குங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ நகர நில அளவைப் பிரிவிலோ கேட்டால் தெரியும். எண் கிடைத்ததும் நான்கு ஆவணங்களை எடுக்க வேண்டும்: பட்டா (நகரமாக இருந்தால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல்), ‘அ’ பதிவேடு (ஒவ்வொரு புல எண்ணும் யார் பெயரில், என்ன வகை நிலம் என்று காட்டும் கிராமக் கணக்கு), புல வரைபடம், வில்லங்கச் சான்று. முதல் மூன்றையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பெரும்பாலும் பார்க்கலாம். வில்லங்கம் பதிவுத் துறையின் தளத்தில் கிடைக்கும். அதை எவ்வளவு பின்னோக்கிப் போக முடியுமோ அவ்வளவுக்குப் போடுங்கள். கணினியில் ஏறாத பழைய காலத்துக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் கைப்பட எழுதித் தரச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும்.

வழக்கமாகக் கோளாறு எங்கே இருக்கும் என்றால், 1980-களில் நடந்த யு.டி.ஆரில், அதாவது நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்து எழுதிய பணியில். அதற்கு முந்தைய கணக்கில் ‘நூலகம்’ என்று இருந்த இடம் புதிய கணக்கில் வெறும் ‘அரசு புறம்போக்கு’ என்றோ பக்கத்து நிலக்காரர் பெயரிலோ ஏறியிருக்கும். எனவே இன்றைய ‘அ’ பதிவேட்டோடு நிறுத்தாமல், யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டின் சான்றிட்ட நகலையும் வட்டாட்சியரிடம் கேட்டு வாங்குங்கள்.

பரப்பளவை எப்படிப் படிப்பது?

பட்டாவில் 0.08.50 என்று இருந்தால் அது பூஜ்யம் ஹெக்டேர், எட்டரை ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர். ஆக 850 சதுர மீட்டர், அதாவது சுமார் 9,150 சதுர அடி, 21 சென்ட். இப்போது ஒரு ஐம்பது மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் புல வரைபடத்தில் உள்ள நான்கு பக்க அளவுகளையும் தரையில் பிடித்துப் பாருங்கள். பட்டாவில் 21 சென்ட் இருக்க, சுற்றுச்சுவருக்குள் 17 சென்ட்தான் வருகிறது என்றால் மீதி நான்கு சென்ட் ஏற்கெனவே போய்விட்டது. டீக்கடைக்குப் பின்னாலோ பக்கத்து வணிக வளாகத்தின் வண்டி நிறுத்துமிடத்திலோ அது இருக்கும். நீங்கள் அளந்தது சாட்சி ஆகாது. ஆனால் அரசு நில அளவையரை வைத்து அளக்கச் சொல்லி ஆணைக்குழுவை வற்புறுத்த அது போதும்.

நிலம் தானமாக வந்தது என்கிறார்கள். அது நமக்குப் பலமா?

பலம்தான், தானப் பத்திரத்தைக் கையில் வைத்திருந்தால். சான்றிட்ட நகல் வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். ‘நூலகம் நடத்துவதற்காக மட்டும்’ என்ற சொற்கள் இருந்தால் வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவது கொடுத்தவரின் நோக்கத்துக்கு எதிரானது என்று நேரடியாக வாதிடலாம்.

ஆனால் ஒரு வரி இருக்கிறதா என்று கவனமாகப் பாருங்கள்: ‘நூலகம் நடவாதுபோனால் சொத்து என் வாரிசுகளைச் சேரும்.’ இந்த நிபந்தனை இருபுறமும் வெட்டும். நூலகத்தை வேறிடத்துக்கு மாற்றிவிட்டால் வாரிசுகள் நிலத்தைத் திரும்பக் கேட்கலாம். அவர்களிடம் முன்கூட்டியே பேசி முடித்துவைத்திருக்கும் கட்டுமான நிறுவனம் அந்த வழியாக உள்ளே வரலாம். ‘தற்காலிகமாகத்தான் நூலகத்தை மாற்றுகிறோம்’ என்ற அறிவிப்பு இத்தகைய நிலத்தில் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. வாரிசுகளில் நூலகம் நிலைக்க வேண்டும் என்று நினைப்பவர்களைத் தேடிப்பிடித்து, கடிதம் எழுதி வாங்கிவிடுங்கள்.

மனைப்பிரிவு போட்டபோது பொதுப் பயன்பாட்டுக்கென உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்த இடம் என்றால், அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபடமே உங்கள் முக்கிய ஆவணம். அந்த மனைப்பிரிவில் வீடு வாங்கிய ஒவ்வொருவரும் அந்த இடத்தை நம்பி வாங்கியவர்கள். அவர்களில் நான்கைந்து பேராவது முன்னால் நிற்க வேண்டும்.

திட்டம் இருப்பதாக வதந்திதான். உறுதி செய்வது எப்படி?

நிலத்தில் முதலில் தெரியும் அறிகுறிகள் சில உண்டு. நில அளவையர் வந்து போவார். மூலையில் துளை போட்டு மண் பரிசோதனை நடக்கும். புதுப் புத்தகங்கள் வருவது நின்று, பழையவை மூட்டை கட்டப்படும். இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுவிடுங்கள்.

கட்டணம் 10 ரூபாய்; நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். பதில் 30 நாளில் வர வேண்டும். மாவட்ட நூலக அலுவலகம், உள்ளாட்சி, வட்டாட்சியர் அலுவலகம் மூன்றுக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். ஒன்று மறைப்பதை இன்னொன்று கொடுத்துவிடும்.

பலர் தோற்பது கேள்வி கேட்கும் விதத்தில். ‘ஏன் நூலகத்தை இடிக்கிறீர்கள்?’ என்று கேட்டால் ‘விளக்கம் கேட்பது தகவல் ஆகாது’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். இப்படி: ‘மேற்படி புல எண் தொடர்பாக 2020 ஜனவரி முதல் இன்று வரை திறக்கப்பட்ட கோப்புகளின் எண்களும் தலைப்புகளும், அவற்றின் குறிப்புப் பக்கங்கள் உட்பட முழு நகல், மன்றக் கூட்டப் பொருள்நிரலும் தீர்மானமும், தனியாருடன் நடந்த கடிதப் போக்குவரத்து, கட்டட உறுதித்தன்மை அறிக்கை.’ குறிப்புப் பக்கங்களை விட்டுவிடாதீர்கள். யார் சொல்லி இந்தக் கோப்பு நகர்ந்தது என்பது அங்கேதான் இருக்கும். கோப்பை நேரில் பார்வையிடவும் அதே மனுவில் அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை.

பதில் வராவிட்டாலும் மழுப்பினாலும் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் காலம் பிடிக்கும் என்பதால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். பதிலே வரவில்லை என்பதும் நீதிமன்றத்தில் ஒரு சான்றுதான்.

‘கட்டடம் இடியும் நிலையில் இருக்கிறது, ஆபத்து’ என்கிறார்களே?

உண்மையாகவே ஆபத்தாக இருக்கலாம்; அப்படியானால் மக்களை உள்ளே உட்காரவைக்கப் போராடக் கூடாது. ஆனால் ஆபத்து என்பது பொறியாளர் கையெழுத்திட்ட அறிக்கையாக இருக்க வேண்டும். பொதுப்பணித் துறை ஆய்வு செய்ததா, எந்தத் தேதியில், பழுதுபார்க்க எவ்வளவு மதிப்பீடு போட்டார்கள் என்று கேளுங்கள். மதிப்பீடு போட்டு, நிதி ஒதுக்காமல் விட்டிருந்தால் அந்தக் காகிதம் உங்களுக்குப் பெரிய ஆயுதம்.

நூலகங்கள் பாழாவது பெரும்பாலும் மொட்டைமாடியிலிருந்துதான். மழைநீர் போகும் குழாய் வாயில் வேப்பிலை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கி, தட்டோட்டு இடுக்கு வழியாகக் காங்கிரீட்டுக்குள் இறங்கும். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பும். உப்பிய கம்பி மேற்பூச்சைத் தள்ள, கூரை பெயர்ந்து வாசகர் தலையில் விழும். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை யாரும் பிடுங்காமல் விட்டால் ஐந்தாறு வருடத்தில் வேர் சுவரைப் பிளந்துவிடும். தொடக்கத்தில் ஒரு ஆளின் அரை நாள் வேலை இது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் தேதியோடு படம் எடுத்துவையுங்கள், நூலகர் எழுதிய பழுதுக் கடிதங்களின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பராமரிக்காமல் விட்டு, அதையே இடிக்கக் காரணமாகச் சொல்வதை இந்த வரிசை அம்பலப்படுத்தும்.

‘இந்தக் காலத்தில் யார் நூலகத்துக்கு வருகிறார்கள்?’

எண்ணிக்கையால் பதில் சொல்லுங்கள். வருகைப் பதிவேடு, இரவல் பதிவேடு, உறுப்பினர் எண்ணிக்கை, புரவலர் பட்டியல் நான்கையும் ஐந்து வருடத்துக்கு வாங்குங்கள். வருகைப் பதிவேட்டில் பலர் கையெழுத்துப் போடுவதில்லை. காலையில் நாளிதழ் படிக்க வரும் பெரியவர்களும் நாள் முழுக்க உட்கார்ந்து தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களும் அதில் இருக்க மாட்டார்கள். எனவே வாசகர் வட்டம் இரண்டு வாரத்துக்குத் தலைக்கணக்கு எடுக்கட்டும்: காலை, மதியம், மாலை மூன்று வேளையும் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை, மாணவர்கள் எத்தனை. வீட்டில் தனி அறையும் அமைதியும் இல்லாத பெண் பிள்ளைக்கு இந்த மேசை எவ்வளவு பெரியது என்பதை அந்தக் கணக்கில் உள்ள ஒரே ஒரு வரிசை சொல்லிவிடும்.

‘நூலகத்தை நடத்தப் பணமில்லை, அதனால்தான் தனியார்’ என்றால்?

சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று தனியாக இருக்கும். சொத்து வரியில் ஒரு ரூபாய்க்கு 10 காசு. வரி 5,000 ரூபாய் என்றால் நூலகத்துக்கு 500 ரூபாய். உள்ளாட்சி இதை வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் செலுத்த வேண்டும். பல இடங்களில் வசூலித்ததைச் செலுத்தாமல் நிலுவை வைக்கிறார்கள். உங்கள் ஊரில் ஐந்து ஆண்டுகளில் வசூலான தொகை, செலுத்திய தொகை, நிலுவை என மூன்று எண்களைக் கேளுங்கள். இது அரசு தரும் தயவு அல்ல, வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே கட்டிய பணம். ஒரு நூலகத்தைக் காப்பாற்ற இதைவிட நேர்மையான வாதம் கிடையாது.

புதுக் கட்டடத்தில் நூலகத்துக்கும் இடம் தருவார்களாமே. அதை ஏன் எதிர்க்க வேண்டும்?

இந்த வாக்குறுதிக்கு என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கின் டானல் நூலகம் நல்ல எடுத்துக்காட்டு. மன்ஹாட்டனின் 53-ஆம் தெருவில் இருந்த அந்த நூலகத்தை 2007-இல் ஒரு ஓட்டல் நிறுவனத்துக்கு 5.9 கோடி டாலருக்கு விற்க ஒப்பந்தம் செய்தார்கள். 2008-இல் நூலகம் மூடப்பட்டது. பொருளாதாரச் சரிவு வந்தது, வாங்கியவர் பின்வாங்கினார், இடம் வேறு கைக்கு மாறியது. மீண்டும் நூலகம் திறந்தது 2016-இல். பழையது சுமார் 97,000 சதுர அடி. புதியது சுமார் 28,000. அதிலும் பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே, சொகுசு ஓட்டலும் குடியிருப்புகளும் கொண்ட கோபுரத்தின் அடியில். எட்டு வருடம் என்பது ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பை முடிக்கும் காலம்.

அதே ஊரில் மிட்-மன்ஹாட்டன் நூலகத்தை விற்கும் திட்டம், எழுத்தாளர்களும் வாசகர்களும் எதிர்த்து வழக்குத் தொடுத்தபின் 2014-இல் கைவிடப்பட்டது. அந்தக் கட்டடமே புதுப்பிக்கப்பட்டு 2021-இல் திறந்தது. விற்காமலும் புதுப்பிக்க முடியும்.

எங்கள் கருத்து, நிலத்தை விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆனாலும் பேச்சுவார்த்தைக்கு உட்கார வேண்டிய நிலை வந்தால் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: நிலத்தின் உரிமை ஆணைக்குழுவிடமே இருக்க வேண்டும். நூலகத்தின் பரப்பு ‘மொத்தக் கட்டுமானப் பரப்பு’ கணக்கில் அல்ல, புத்தகமும் மேசையும் போடக்கூடிய உள்பரப்புக் கணக்கில் இன்றையதைவிடக் குறையாமல், தரைத்தளத்தில், தனி வாசலோடு இருக்க வேண்டும். இடிப்பதற்கு முன் மாற்று இடத்தில் நூலகம் இயங்கத் தொடங்கியிருக்க வேண்டும், அதன் வாடகையைக் கட்டுபவர் தர வேண்டும். நூலகப் பகுதியை முடித்து ஒப்படைத்த பிறகே கடைகளைத் திறக்க வேண்டும். தவறினால் பணமாக்கிக்கொள்ள வங்கி உத்தரவாதம் வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் கடைசி இரண்டைக் கேட்டதுமே பின்வாங்கும். அவர்கள் நோக்கம் என்ன என்பது அப்போது தெரிந்துவிடும்.

ஆட்சேபத்தை யாரிடம் கொடுப்பது?

நூலகத்தை மூடவோ இடம் மாற்றவோ ஆணைக்குழுவுக்கு அரசின் முன் அனுமதி வேண்டும். ஆகவே ஆணைக்குழுத் தலைவர், பொது நூலக இயக்குநர், பள்ளிக் கல்வித் துறைச் செயலர் மூவருக்கும் ஒரே மனு. புறம்போக்கு என்றால் மாவட்ட ஆட்சியர். ஒதுக்கீட்டு நிபந்தனை மீறப்பட்டால் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை வருவாய்த் துறைக்கு உண்டு. உள்ளாட்சி நிலம் என்றால் ஆணையர், செயல் அலுவலர், ஒவ்வொரு உறுப்பினரும். திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து மனு எண் வாங்குங்கள். மற்றவற்றை ஒப்புகைச் சீட்டோடு அஞ்சலில் அனுப்புங்கள். ஆயிரம் பேர் கையெழுத்திட்ட ஒரே மனுவைவிட, புல எண்ணும் ஆவண நகலும் இணைத்த நாற்பது தனித்தனி மனுக்கள் கோப்பில் கனமாக உட்காரும்.

கிராமம் என்றால் கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும். தீர்மானத்தை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள், பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்துப் படம் எடுத்துவிட்டு வாருங்கள். வாயால் சொல்லிக் கைதட்டியது எதுவும் பதிவேட்டில் இருக்காது.

நில வகைப்பாட்டு மாற்றம் என்று நாளிதழில் சிறு விளம்பரம் வரலாம். நூலக இடம் நிறுவனப் பயன்பாட்டிலிருந்து வணிகப் பயன்பாட்டுக்கு மாற வேண்டுமானால் திட்டக் குழுமத்தின் ஒப்புதல் வேண்டும். விளம்பரத்தில் சொன்ன நாளுக்குள் ஆட்சேபம் போகாவிட்டால் ‘யாரும் எதிர்க்கவில்லை’ என்று எழுதிவிடுவார்கள். இதற்கென்று ஒருவர் தினமும் இரண்டு நாளிதழ்களைப் பார்க்க வேண்டும். நூலகத்திலேயே பார்க்கலாம்.

நீதிமன்றத்துக்கு எப்போது போவது?

ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன். தாமதம் உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும். மூன்று தளம் எழும்பியபின் போனால் ‘இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள்?’ என்பதே முதல் கேள்வியாக இருக்கும்.

உயர் நீதிமன்றத்தில் அரசமைப்பின் 226-ஆம் பிரிவில் பொதுநல மனு போடலாம். தென் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. முன்கூட்டி அதிகாரிகளுக்கு மனு கொடுத்த சான்று இல்லாவிட்டால் ‘முதலில் அங்கே போங்கள்’ என்று திருப்பி அனுப்புவார்கள். மனுதாரருக்குச் சொந்த ஆதாயம் எதுவும் இருக்கக் கூடாது: பக்கத்தில் கடை வைத்திருப்பவர், தோற்ற வேட்பாளர், போட்டி நிறுவனத்துக்காரர் யாரும் வேண்டாம். நூலக உறுப்பினர் அட்டை வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் நல்ல மனுதாரர். உரிமையியல் நீதிமன்றம் போவதானால், அரசுக்கு எதிரான வழக்குக்கு இரண்டு மாத முன்னறிவிப்பு வேண்டும் என்பதை வழக்கறிஞரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் அதற்கு விலக்குக் கேட்க வழி இருக்கிறது. நிலம் பொது அறக்கட்டளையின் சொத்தாக இருந்தால் அதற்காக வழக்குத் தொடுக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவும் உண்டு.

இதற்கு முன் யாராவது வென்றிருக்கிறார்களா?

சென்னைக் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பரில் திறக்கப்பட்டது. 2011 நவம்பரில் அதை இடம் மாற்றிக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்குவதாக அன்றைய அரசு அறிவித்தது. சில நாட்களிலேயே பொதுநல மனுக்கள் போக, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நூலகம் இன்றும் அங்கேயே இருக்கிறது. அது தனியாருக்குக் கொடுத்த விவகாரம் அல்ல. ஆனால் ஒரு புத்தகம்கூட வெளியேறுமுன் மனு போனது என்பதுதான் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் இரண்டை வழக்கறிஞரிடம் கட்டாயம் சொல்லுங்கள். 1991-ஆம் ஆண்டின் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கு: பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்றும், அங்கு வசிப்பவர்கள் வழக்குத் தொடுக்கலாம் என்றும் தீர்ப்பு. 1999-ஆம் ஆண்டின் எம்.ஐ. பில்டர்ஸ் வழக்கு: லக்னோ பூங்காவுக்கு அடியில் கட்டிய கடை வளாகத்தை இடித்து, பூங்காவை மீட்டுத் தரும்படி உத்தரவு. இரண்டும் பூங்கா வழக்குகள். பொதுப் பயனுக்கென வைத்த இடத்தைத் தனியாருக்கு மாற்றக் கூடாது என்ற அடிப்படையை நூலகத்துக்குப் பொருத்திக் காட்டுவது உங்கள் வழக்கறிஞரின் வேலை. ஒதுக்கீட்டு ஆவணத்தை அவர் கையில் கொடுப்பது உங்கள் வேலை.

ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று தெரிந்தால்?

ஒப்பந்தத்தின் நகலை வாங்குங்கள். ஒப்பந்தப்புள்ளி கோரினார்களா, விளம்பரம் எங்கே வந்தது, எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், ஆணைக்குழுவோ மன்றமோ தீர்மானம் போட்டதா, அரசாணை இருக்கிறதா, திட்ட அனுமதி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அவசரமாகச் செய்த காரியத்தில் இவற்றில் ஏதாவது ஒன்று விடுபட்டிருக்கும். 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இதற்கென்றே இருக்கிறது. விடுபட்டதைப் பிடித்துக்கொண்டு, இருக்கும் நிலையை அப்படியே வைக்கும்படி நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு கேளுங்கள். புத்தகங்களை அப்புறப்படுத்துவதையும் அதில் சேர்த்துக் கேளுங்கள். கட்டடம் நின்று புத்தகம் போய்விட்டால் பாதி தோல்வி.

திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள். இனி?

அடுத்த ஆட்சியரோ அடுத்த தலைவரோ வந்தால் கோப்பு மறுபடி திறக்கும். ஆகவே சூடு ஆறுமுன் பட்டாவை நூலக ஆணைக்குழுவின் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். உள்ளாட்சி நிலம் என்றால் ‘நூலகப் பயன்பாட்டுக்கு’ என்று பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவின்கீழ் அரசு, உள்ளாட்சி நிலங்களைத் தனியார் பத்திரம் பதிய முடியாதபடி தடுக்கலாம். புல எண்ணை அப்படித் தடுக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில் சேர்க்கக் கோரி சார்பதிவாளருக்கு ஆணைக்குழு கடிதம் எழுத வேண்டும். நில அளவையரை வைத்து நான்கு மூலையிலும் கல் நடச் செய்து, கல்லோடு படம் எடுத்து, படத்தையும் புல வரைபடத்தையும் சட்டம் போட்டு நூலகத்தின் வாசிப்பறைச் சுவரில் மாட்டிவிடுங்கள்.